உஸுன்கோல் போகலாமா? எட்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும்

துபாய்த் தம்பி:

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம், இரண்டு பிள்ளைகள். இந்த முறை ஊரிலிருந்து உம்மாவே, "பிள்ளைகளை என்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் இரண்டாவது வாரம் ஆறு நாள் லீவு. மலையும் ஏரியும் இருக்கிற இடமாகப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்க ஆசை. ஊர் சுற்றுவதில் இருவருக்குமே விருப்பமில்லை.

மனைவி முகத்தை மூடும் நிகாப் அணிபவர். ஒவ்வொரு வேளையும் கறி ஹலாலா என்று விசாரித்துச் சாப்பிட வேண்டியிருந்தால் அவருக்கு நிம்மதி போய்விடும். ஆஸ்திரியாவில் ஸெல் ஆம் ஸே, துருக்கியில் உஸுன்கோல், இந்த இரண்டும்தான் மனதில் ஓடுகின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருவரிடமும் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராவுத்தர் வீடு:

வ அலைக்குமுஸ் ஸலாம் தம்பி. ஸெல் ஆம் ஸே அழகில் குறையே இல்லை. ஏரிக்கரையில் நின்றால் பனி மூடிய மலை தெரியும், கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரமுள்ள ஷ்மிட்டன்ஹோஹெவுக்குக் கேபிள் கார் போகும். கோடையில் அரபுக் குடும்பங்களும் நிறைய வருகின்றன. ஆனால் ஆஸ்திரியாவில் 2017 அக்டோபரிலிருந்து பொது இடத்தில் முகத்தை மூடத் தடை இருக்கிறது, அபராதம் 150 யூரோ வரை. சுவிட்சர்லாந்திலும் 2025 ஜனவரி முதல் இதே மாதிரி சட்டம் வந்துவிட்டது. ஓய்வெடுக்கப் போகிற இடத்தில் உங்கள் வீட்டில் அவர்களுக்கு இந்தச் சங்கடம் வேண்டாம். துருக்கிக்கே போங்கள்.

காயல் லாத்தா:

தம்பி, போன ஜூனில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் உஸுன்கோல் போய் வந்தோம். கல்யாணமாகி 19 வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போனது அதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயருக்கே நீளமான ஏரி என்றுதான் அர்த்தம். மலைச்சரிவு உருண்டு வந்து ஹல்திஸென் ஓடையை அடைத்ததில் உண்டானது. சுமார் 1,100 மீட்டர் உயரம். திராப்ஸோன் விமான நிலையத்தில் இறங்கி, கருங்கடலை ஒட்டியே ஓஃப் என்ற ஊர்வரை போய், அங்கிருந்து சொலாக்லி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏற வேண்டும். எல்லாமாக 100 கிலோமீட்டருக்குப் பக்கம். வழியெல்லாம் தேயிலைச் சரிவுகள். ஓஃப் பழைய காலத்திலிருந்தே ஆலிம்களுக்கும், குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்களுக்கும் பெயர் பெற்ற ஊராம். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே லுஹர் தொழுதார்.

இனி நாங்கள் செய்த தவறு. ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஆறு நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டிருந்தார். முதல் மூன்று நாளும் காரிலேயே போயின. சுமேலா மடாலயம் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், மர்யம் அலைஹிஸ்ஸலாம் பெயரில் கட்டியது, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஏற்றம் அதிகம், முழங்கால் வலிக்காரரான இவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் தனியாக ஏறிப் பார்த்து, தனியாக இறங்கி வந்தேன். சேர்ந்து இருக்கத்தானே வந்தோம்? மறுநாள் ஆய்தெர் என்ற மலை ஊர். போக வர அரை நாளுக்கு மேல் ஓடிவிட்டது, அங்கே பார்த்ததெல்லாம் மூடுபனி.

நாலாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு எங்கேயும் வரவில்லை என்று ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் எங்கள் விடுமுறையே ஆரம்பித்தது. மரவீட்டு அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பனி ஏரியை மூடுவதும் விலகுவதுமாக இருந்ததைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே தேநீருக்கு இரட்டைக் கெண்டி வைப்பார்கள். கீழே வெந்நீர், மேலே கடும் சாயம். இவர் அதில் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். ஊரில் அடுப்படிப் பக்கம் வராத மனிதர். பேசாமல் விட்ட எத்தனையோ விஷயங்களை அன்றைக்குப் பேசினோம்.

அதனால் என் பேச்சைக் கேளுங்கள். ஆறு நாளும் ஒரே இடத்தில் தங்குங்கள். ஏரிக்கரையை ஒட்டிய ஹோட்டல் வேண்டாம். ஏரி தெரியும் என்று சொல்லி எங்களுக்கு முதலில் கொடுத்த அறையில் தெரிந்தது வண்டி நிறுத்துமிடம், ராத்திரி வெகுநேரம் வரை சத்தம். கொஞ்சம் மேலே சரிவில் இருக்கிற மரவீடுகளுக்கு மாறியதும்தான் அமைதி கிடைத்தது. ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாக் கூட்டம் நெருக்கியடிக்கும். நீங்கள் போகிற ஜூன் நல்ல சமயம். அடுத்து நல்லது செப்டம்பர்.

சாப்பாட்டில் கவலையே வேண்டாம். நாங்கள் சாப்பிட்ட எந்தக் கடையிலும் மது வைத்திருக்கவில்லை. காலையில் குய்மாக் கேளுங்கள். சோளமாவும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டியது, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழுபடும். ஏரிப் பக்கம் வளர்க்கிற ட்ரௌட் மீன் பொரித்துத் தருவார்கள். காரம் துளியும் கிடையாது, ஊறுகாய் கொண்டுபோங்கள்.

ஏரித் தலைமாட்டில் இரண்டு மினாராக்களோடு பள்ளிவாசல் இருக்கிறது, பெண்களுக்கு மேலே இடம். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் 'மெஸ்ஜித்' என்று பலகை இருந்தால் தொழுகை அறை உண்டு என்று அர்த்தம். கழிவறைகளில் தண்ணீர்க் குழாயும் இருக்கும், ஐரோப்பா மாதிரி தவிக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம், ஜூனில் ஃபஜ்ரு மூன்று மணிக்கு முன்னதாகவே வந்துவிடும். இஷா முடிந்து படுக்கப் பத்தரை ஆகிவிடும். லுஹருக்கு முன் ஒரு தூக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேகமலையான்:

லாத்தா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இஸ்தான்புல் வழியாகப் போவதாக இருந்தால் ஸபாஞ்சா ஏரியையும் யோசியுங்கள், நகரத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சுற்றுச்சுவரோடு தனி நீச்சல்குளம் உள்ள மரவீடுகள் அங்கே ஏராளம். பர்தாவைக் கழற்றிவிட்டு மனைவி நிம்மதியாக நீந்தலாம். இன்னும் தள்ளி போலு மாகாணத்தில் அபான்ட் ஏரி, 1,300 மீட்டருக்கு மேல், சுற்றி நடக்க 7 கிலோமீட்டர். ஆனால் மலை என்றால் கருங்கடல் பக்கம்தான்.

துபாய்த் தம்பி:

ஜஸாக்கல்லாஹ் லாத்தா, காக்காமார்களுக்கும். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், தேநீர் வந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். உஸுன்கோல் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டே சந்தேகம். விசா எப்படி? மழை ஆறு நாளும் பெய்தால்?

காயல் லாத்தா:

இந்தியக் கடவுச்சீட்டோடு செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் துருக்கியின் இ-விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம். துருக்கிக்குள் நுழைகிற நாளில் ஷெங்கன் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்குகிற தளங்கள் இருக்கின்றன.

மழை நிச்சயம் வரும். பக்கத்து ரிஸே மாகாணம்தான் துருக்கியிலேயே அதிகம் மழை பெறுவது, வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். வெறுத்துவிடாதீர்கள், அந்தப் பச்சையெல்லாம் அதனால்தான். காலையில் வானம் திறந்திருந்தால் அன்றைக்கு ஏரிக்கு மேலே மலையில் இருக்கிற கரெஸ்டெர் பக்கம் போய்ப் பாருங்கள், ஏரி கைக்குட்டை அளவில் தெரியும். மதியத்துக்குள் பனி ஏறிவிடும், அதற்குமுன் இறங்கிவிடுங்கள். மெல்லிய ஸ்வெட்டர் இரண்டு, வழுக்காத செருப்பு, உங்கள் வீட்டில் அவர்களுக்குச் சீக்கிரம் காயக்கூடிய துணியில் இன்னொரு அபாயா. எனக்கு இருந்த ஒரே கறுப்பு அபாயா நனைந்து, ஹீட்டர் மேல் போட்டுக் காய்வதற்குள் ஒரு மஃரிபை அறையிலேயே தொழ வேண்டியதாயிற்று.