பிறந்தவுடன் மூளையில் பாதிப்பு: சொற்கள் பின்னர் வந்துசேருமா?

கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்):
எங்கள் மகளுக்கு இரண்டே கால் வயது. பிறந்த சில நாட்களில் வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தபோது, மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைப்பு இருப்பது தெரிந்தது. வலக்கைக்குப் பிசியோ நடக்கிறது. பேச்சோ ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பூ’ என்று சில சொற்களிலேயே நிற்கிறது. பேச்சுக்குரிய பகுதியே போய்விட்டதால் இனி வளராது என்று ஒரு மருத்துவர் கைவிரித்துவிட்டார். நாக்கில் வசம்பு தேய்த்தால் போதும் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1 (பேச்சுப் பயிற்சியாளர், மதுரை):
இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். வசம்பை நாக்கில் வைக்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு இடப்பக்கம் அடிபட்டால் பேச்சு போய்விடுவதுண்டு. ஆனால் பிறந்த வேளையில் அடிபட்ட குழந்தைகளுக்கு, மூளையின் மற்றப் பகுதிகள் அவ்வேலையைப் பெருமளவு ஏற்றுக்கொள்கின்றன. முதல் சொற்கள் தாமதமாகும் என்பது உண்மைதான். குழந்தைகளின் மொழி வளர்ச்சியை ஆராய்ந்த எலிசபெத் பேட்ஸ் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், இடப்பக்கப் பொட்டுமடல் (காதையொட்டிய மூளைப் பகுதி) பாதிக்கப்பட்ட குழந்தைகள் சொற்களைப் பேசுவதில் பின்தங்கினர். புரிந்துகொள்வதில் அதிகம் தடுமாறியவர்களோ வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள். ஸ்கேனைப் பார்த்தே தலையெழுத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வலிப்பு தொடர்ந்தால் மொழி கூடுதலாகப் பாதிக்கப்படலாம். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சைகையைக் கவனியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2010-இல் இத்தகைய 11 குழந்தைகளை ஆராய்ந்தபோது, 18 மாதத்தில் பலவற்றைச் சைகையால் குறித்தவர்களே பின்னர் சொல்வளத்தில் மற்றக் குழந்தைகளை எட்டிப் பிடித்தார்கள். உங்கள் மகள் எதையாவது சுட்டிக் காட்டுகிறாளா?

பதில் 2 (உசிலம்பட்டியிலிருந்து ஒரு தந்தை):
எங்கள் மகனுக்கும் இதே பாதிப்புதான். இப்போது இரண்டாம் வகுப்பு. பொருள்களின் பெயர்களெல்லாம் வந்துவிட்டன. ஆனால் பள்ளியில் நடந்ததைக் கோவையாகச் சொல்லச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடுகிறான். சொற்கள் வந்துவிட்டன என்று நாங்கள் பயிற்சியை நிறுத்தவில்லை.

கேட்டவர்:
சுட்டுகிறாள். மதில் மேல் காக்கை வந்தால் இடக்கையை நீட்டி, நான் பார்க்கும்வரை சேலையை விடமாட்டாள்.

பதில் 1:
மிக நல்லது. அந்த நொடியிலேயே “காக்கா, காக்கா பறக்குது” என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். “இது என்ன, சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள். வீட்டில் காதில் விழும் பேச்சு மற்றக் குழந்தைகளின் சொல்வளத்திற்கு எவ்வளவு உதவுமோ, அவ்வளவு இவர்களுக்கும் உதவுகிறது. செவித்திறன் சோதனை இதுவரை செய்யவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், பழைய ஸ்கேன் அறிக்கையுடன் சென்று கேளுங்கள்.