உறுமியை வீட்டில் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். என் தங்கை வரைந்த மாயாஜாலக் காமிக்ஸ் கதையை வைத்து ஒரு புரோக்ரெசிவ் ராக் ஆல்பம் செய்கிறேன். எல்லாம் என் படுக்கையறையில்தான். கிட்டார், பேஸ், கீபோர்டு முடிந்துவிட்டன.

சிக்கல் நான்காவது பாட்டில். காட்டு ராணி ஆற்றைக் கடக்கும் கட்டம், 14 நிமிடம். 7/8 தாளம், கர்நாடக இசையின் மிஸ்ர சாபு மாதிரி 3+2+2 என்று போகும். அங்கே டிரம்ஸ் வேண்டாம், உறுமிதான் வேண்டும். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் அந்த முனகலைக் கேட்டு வளர்ந்தவன் நான். கணினியில் கிடைக்கும் எந்த சாம்பிளும் (பதிவு செய்து வைத்த ஓசை) அதற்கு ஈடாகவில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் வாசிக்கச் சம்மதித்துவிட்டார், ஒரு நாள் சோதித்தும் பார்த்தோம்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு எஸ்எம்57 மைக். அடிக்கும் பக்கம் வைத்தால் வளைந்த குச்சி தேய்க்கும் ஓசை காணாமல் போகிறது. தேய்க்கும் பக்கம் வைத்தால் அடி மெலிகிறது. இன்னொரு மைக் வாங்கினால் கண்டென்சரா, டைனமிக்கா? ஃபேஸ் அடிபடாமல், அதாவது இரண்டு மைக்கின் ஒலியும் ஒன்றையொன்று மெலிய வைக்காமல், இரண்டையும் எப்படி வைப்பது? அப்புறம், அண்ணனுக்கு கிளிக் டிராக் (ஹெட்போனில் தாளம் காட்டும் 'டிக் டிக்' சத்தம்) பழக்கமில்லை. அதற்குப் பதில் ஜால்ரா சத்தம் போட்டால் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு பதிவு.