புதுப்பிப்பு: உதவித்தொகை விண்ணப்பம், வக்கீல் வைத்த பிறகு

முதுகுத்தண்டு பிரச்சினைக்காக நான் போட்ட மாற்றுத்திறனாளி உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, வக்கீல் வைக்கலாமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். "வையுங்கள், ஆனால் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்" என்றீர்கள். வைத்தேன். போன வாரம் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது.

வக்கீல் என்றால் வாதாடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் செய்ததில் முக்கால்வாசி காகித வேலைதான். கோப்பைப் புரட்டிவிட்டு அவர் முதலில் கேட்டது இது: "நோயின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று எந்த டாக்டராவது எழுதியிருக்கிறாரா?" ஒருவரும் எழுதவில்லை. ஸ்கேன் அறிக்கை மட்டும் கத்தை கத்தையாக இருந்தது. அப்புறம் டாக்டரிடம் போய், 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது, 4 கிலோவுக்கு மேல் தூக்க முடியாது, மாத்திரையால் பகலெல்லாம் தூக்கம் சொக்குகிறது என்று தெளிவாக எழுதி வாங்கினோம்.

விண்ணப்பத்தில் "வீட்டு வேலை செய்வேன்" என்று வீறாப்பாக எழுதியிருந்தேன். நாலு பாத்திரம் கழுவிவிட்டு அரை மணி நேரம் படுத்துக் கிடப்பதை எழுதவில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்! மேல்முறையீட்டு விசாரணையில் இதை விளக்கத்தான் அதிக நேரம் போனது.

கட்டணம் கேட்டவர்களுக்கு: ஜெயித்தால் மட்டும், நிலுவைத் தொகையில் (இழுத்தடித்த மாதங்களுக்குச் சேர்த்து வரும் உதவித்தொகையில்) ஒரு பங்கு. மருத்துவப் பதிவுகளை நகலெடுக்கும் செலவு தனி. அதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், நான் கேட்கவில்லை. நிலுவை இன்னும் கணக்கில் ஏறவில்லை.