தூங்கும்போது மட்டும் தொண்டை ஏன் அடைக்கிறது?

கேள்வி:
அப்பாவுக்கு 58 வயது. குறட்டை பல வருடமாக உண்டு, ஆனால் இப்போதெல்லாம் நடுவில் சட்டென்று நின்றுபோய், நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கி, அப்புறம் பெரிய இழுப்போடு மூச்சு திரும்புகிறது. அம்மா பயந்துபோய்ப் பக்கத்திலேயே விழித்திருக்கிறார். தூக்கப் பரிசோதனையில் தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) என்றும், மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்றும் வந்தது, கனவு வரும் தூக்கத்தில் இன்னும் அதிகமாம். தொண்டைத் தசை தளர்வதுதான் காரணம் என்கிறார்கள், ஆனால் பகலில் பேச, சாப்பிட ஒரு சிரமமும் இல்லை. தசை பலவீனம் என்றால் பகலிலும் தெரிய வேண்டாமா?

பதில் 1:
பலவீனம் இல்லை. நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுப்பாதையை விறைப்பாக நிறுத்திவைக்க மூச்சுக்குழாயில் இருப்பது போன்ற குருத்தெலும்பு வளையங்கள் கிடையாது, தசைகள்தான் அதைத் திறந்து பிடிக்கின்றன. அதில் பெரிய பங்கு ஜீனியோகுளோசஸ் தசைக்கு. கீழ்த்தாடையின் உள்பக்கத்திலிருந்து விசிறி மாதிரி நாக்குக்குள் விரிந்து, நாக்கை முன்னால் இழுத்து வைக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு விழித்திருக்கும்போது அது மற்றவர்களைவிட அதிகமாகவே வேலை செய்கிறது என்று 1992-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பாதை குறுகல், அதனால் மூளை கூடுதலாக முறுக்கிப் பிடித்து ஈடுகட்டுகிறது. தூங்கியதும் அந்தக் கூடுதல் பிடி போய்விடும், நாக்கு பின்னால் சரியும், மூச்சை இழுக்கிற விசையே பாதையை உறிஞ்சி மூடிவிடும். கனவுத் தூக்கத்தில் மூளைத்தண்டு உடல் தசைகளையே தளர்த்திவிடுவதால் இன்னும் மோசம். கரியமில வாயு ஏறி, மூச்சிழுக்கும் முயற்சி கூடி, மூளை ஒரு நொடி விழித்ததும் தசை திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெரிய இழுப்பு அதுதான். காலையில் அவருக்கு நினைவே இருக்காது.

பதில் 2:
நான் நான்கு வருடமாக சிபேப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) போடுகிறேன். 1981-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் கொண்டுவந்த முறை. தசையை அது ஒன்றும் செய்யாது, காற்றழுத்தத்தால் பாதையை உள்ளிருந்து விரித்து வைக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் முகமூடியைப் பிய்த்து எறியத் தோன்றும், அப்பாவைத் தயவுசெய்து விடாமல் போடச் சொல்லுங்கள். இரவில் மது வேண்டாம், தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், இரண்டும் இதே தசைகளை இன்னும் தளர்த்தலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. நாக்குப் பயிற்சி செய்தால் போதும் என்று சித்தப்பா சொல்கிறாரே?

பதில் 1:
கொஞ்சம் உதவும், செய்யட்டும். ஆனால் மணிக்கு 30-ஐத் தாண்டினாலே தீவிர நிலை, பயிற்சியை மட்டும் நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சிபேப் ஒத்துவராத சிலருக்கு நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் தோலுக்கு அடியில் பொருத்துகிறார்கள், 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பிறகு. முதலில் ஒன்று சொல்லுங்கள், அப்பா வண்டி ஓட்டுகிறாரா?

கேள்வி கேட்டவர்:
தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போகிறார். போன வாரம் சிக்னலில் நிற்கும்போது கண் சொருகியது என்றார். நாளையிலிருந்து நானே கொண்டுபோய் விடுகிறேன்.