ரிஸ்க் ஒர்க்ஸ்டேஷன்களைச் சாய்த்தது பென்டியமா, அவற்றைச் செய்த கம்பெனிகளா?

கார்முகில்:

இன்னொரு இழையில் ஒருவர், "1995இல் பென்டியம் ப்ரோ வந்ததும் ரிஸ்க் ஒர்க்ஸ்டேஷன்களின் கதை முடிந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தார். (ஒர்க்ஸ்டேஷன் என்றால் பொறியாளர்கள் மேசையில் வைத்து வேலை பார்த்த, பிசியைவிடச் சக்திவாய்ந்த கணினி. ரிஸ்க் என்றால் எளிய ஆணைகளை மட்டும் வைத்துச் செய்யும் சிப். பென்டியம் ப்ரோ, இன்டெலின் சிப்.) பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு இது ஏற்புடையதே இல்லை. அங்கே எழுதினால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை.

காலவரிசையைப் பாருங்கள். டெக் நிறுவனத்தின் ரிஸ்க் சிப்பான ஆல்ஃபா 21064 வந்தது 1992இல். முழுக்க 64 பிட், 150 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடியது. அதே ஆண்டில் பிசி வாங்கியவருக்குக் கிடைத்த நல்ல சிப் 66 மெகாஹெர்ட்ஸ் 486. பென்டியம் ப்ரோ வந்தபோது முழு எண் சோதனையில் கொஞ்ச காலம் முதலிடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் ஃப்ளோட்டிங் பாயின்ட், அதாவது தசம எண் கணக்கில் ஆல்ஃபாவின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒர்க்ஸ்டேஷன் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணக்குதான் பிழைப்பே: இயந்திர வடிவமைப்பு, காற்றோட்டக் கணிப்பு, படங்களை ரெண்டர் செய்வது. 1998இல் ஆல்ஃபா 21264 வந்தது, மறுபடியும் எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

அப்புறம் ஏன் போயிற்று? செய்தவர்களே விட்டுவிட்டார்கள். 1994இல் எச்பி இன்டெலோடு கைகோத்து, தன் ரிஸ்க் சிப்பான பிஏ-ரிஸ்குக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்யப்போகும் புது சிப்தான் எல்லாம் என்றது. பின்னாளில் இட்டானியம் என்று பெயர் பெற்றது அதுதான். 1998இல் கிராஃபிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்கள் செய்த எஸ்ஜிஐ, தன் ரிஸ்க் சிப்களைச் செய்த மிப்ஸ் பிரிவைத் தனியே பிரித்துவிட்டு, வடிவமைப்பில் இருந்த புது மிப்ஸ் சிப்களைக் கைவிட்டது. அதற்குப் பின் அவர்களிடமிருந்து வந்தவை எல்லாம் ஆர்10000 என்ற பழைய சிப்பை மெருகேற்றியவைதான். 2001 ஜூனில் பிசி கம்பெனியான காம்பேக், டெக்கோடு சேர்த்து வாங்கிய ஆல்ஃபாவுக்கு முடிவு கட்டி, அதன் பொறியாளர்களையும் தொழில்நுட்பத்தையும் இன்டெலுக்கு மாற்றியது. முதல் இட்டானியம் விற்பனைக்கு வந்ததே 2001இன் நடுவில்! வராத சிப்பை நம்பி, கையில் ஓடிக்கொண்டிருந்த சிப்பைத் தூக்கிப் போட்டார்கள்.

இளங்கோ_64:

> செய்தவர்களே விட்டுவிட்டார்கள்

கார்முகில், தேதிகள் எல்லாம் சரி. ஆனால் விளைவைக் காரணமாகச் சொல்கிறீர்கள். ஏன் விட்டார்கள் என்று கேட்டால் பதில் பென்டியம் ப்ரோவில்தான் போய் நிற்கிறது.

486, பென்டியம் போன்ற பிசி சிப்கள் ஏற்கும் எக்ஸ்86 ஆணைகள் 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை நீளம் மாறுபவை. ஒன்று எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இப்படிப்பட்ட ஆணைகளை வைத்துக்கொண்டு வரிசை மாற்றி இயக்கும் வேகமான சிப்பைச் செய்யவே முடியாது என்பதுதான் ரிஸ்க் முகாமின் மொத்த நம்பிக்கையும். பென்டியம் ப்ரோ அதைத்தான் உடைத்தது. வாசலிலேயே மூன்று டிகோடர்கள் ஒவ்வொரு ஆணையையும் சின்னச் சின்ன மைக்ரோ-ஆப்களாக உடைக்கும். உள்ளே இருக்கும் இன்ஜின் அந்த மைக்ரோ-ஆப்களை மட்டுமே பார்க்கும். எது தயாராக இருக்கிறதோ அதை முதலில் ஓட்டிவிட்டு, முடிவுகளை மட்டும் பழைய வரிசையில் பதிவு செய்யும். இதற்குக் கூடுதல் டிரான்சிஸ்டர் செலவாகும். ஆனால் சிப் சுருங்கச் சுருங்க அந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும்.

இன்னொன்று. அதன் இரண்டாம் நிலை கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைக்கும் சின்ன வேக நினைவகம்), அதே பீங்கான் உறைக்குள் தனிச் சில்லாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் இணைத்த பிறகு ஒன்றில் கோளாறு தெரிந்தால் நல்லதையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். அப்படிப் போட்டும் தாங்கும் பணம் இன்டெலிடம் இருந்தது. எங்கிருந்து வந்தது? உலகத்தின் அலுவலக மேசைகளில் எல்லாம் உட்கார்ந்திருந்த பிசிக்களிலிருந்து. ஒரு சிப்பை வடிவமைக்கும் செலவு, ஒரு லட்சம் விற்றாலும் பத்துக் கோடி விற்றாலும் ஒன்றுதான். ஒர்க்ஸ்டேஷன் கம்பெனிகள் அந்த முதல் வகை.

பழைய சிலிக்கான்:

நீங்கள் இருவரும் 1992இல் தொடங்குகிறீர்கள். பத்து வருடம் முன்னால் போனால்தான் இது விளங்கும்.

ஒர்க்ஸ்டேஷன் பிறந்ததே வெளியில் வாங்கிய சிப்பில்தான். அப்பல்லோ கம்பெனியின் டிஎன்100 ஒர்க்ஸ்டேஷன் 1981இல் வந்தது. உள்ளே மோட்டரோலா 68000. அந்தச் சிப்பில் ஒரு பெரிய குறை: ஓர் ஆணை பாதியில் இருக்கும்போது அதற்குத் தேவையான பக்கம் (தரவின் ஒரு துண்டு) நினைவகத்தில் இல்லை என்று தெரிந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு வேண்டிய விவரங்களை அது முழுதாகச் சேமிக்காது. அப்படியென்றால் மெய்நிகர் நினைவகம், அதாவது இடம் போதாத பக்கங்களை டிஸ்க்கில் வைத்து வேண்டும்போது எடுக்கும் வசதி, வைக்கவே முடியாது. அப்பல்லோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே இயந்திரத்தில் இரண்டு 68000 வைத்தார்கள். முதலாவது, கேட்ட பக்கம் கிடைக்காமல் அப்படியே பஸ்ஸில் (சிப்பை நினைவகத்தோடும் மற்ற பாகங்களோடும் இணைக்கும் பாதையில்) காத்து நிற்கும். இரண்டாவது போய் டிஸ்க்கிலிருந்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும். முதலாவது எதுவுமே நடக்காததுபோல வேலையைத் தொடரும். ஒரு சிப்பின் குறையை மறைக்க இன்னொரு முழு சிப்! மோட்டரோலாவின் அடுத்த சிப்பான 68010 வந்த பிறகுதான் இந்த வித்தை தேவையில்லாமல் போனது. இன்னொரு ஒர்க்ஸ்டேஷன் கம்பெனியான சன் தன் இரண்டாம் தலைமுறையில் அதைப் பயன்படுத்தியது, 1985இல் சன்-3க்கு 68020.

இப்போது ரிஸ்க் எங்கே நுழைகிறது பாருங்கள். பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனின் குழு, மாணவர்களை வைத்துக்கொண்டு 1982இல் முடித்த ரிஸ்க்-1இல் சுமார் 44,000 டிரான்சிஸ்டர்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி மிப்ஸ் செய்துகொண்டிருந்தார். ஐபிஎம்மில் ஜான் காக் இதற்கெல்லாம் முன்பே 801இல் வழி காட்டியிருந்தார். சன் 1987இல் கொண்டுவந்த முதல் ஸ்பார்க், அதன் சொந்த ரிஸ்க் சிப், ஃபுஜிட்சுவின் 20,000 கேட் கொண்ட ஒரு கேட் அரேயில் (இணைப்புகளை மட்டும் பின்னர் போடும் பாதி தயாரான சிப்பில்) செய்யப்பட்டது. 16.67 மெகாஹெர்ட்ஸ்தான். கையால் செதுக்கிய சிப்கூட இல்லை. ஆனாலும் சன் சொன்ன கணக்குப்படி சன்-4/260 நொடிக்கு 1 கோடி ஆணைகளை ஓட்டியது. 68020 வைத்த 3/260 ஓட்டியது 40 லட்சம். சிப் கம்பெனியே இல்லாத ஒரு நிறுவனம், சின்னக் குழுவை வைத்துக்கொண்டு மோட்டரோலாவைத் தாண்டியது.

என் கருத்து இதுதான்: ரிஸ்கின் பலம் எளிமை என்பார்கள். எளிமை சிப்புக்கு மட்டும் இல்லை, செய்கிற குழுவுக்கும்தான். சிப்பின் எல்லாத் திறனும் ஒரு சின்ன வடிவமைப்புக்குள் அடங்கிய அந்த எட்டுப் பத்து வருடம்தான் சன்னுக்கும் மிப்ஸுக்கும் வாய்ப்பு. ஆல்ஃபா 21064இல் 16.8 லட்சம் டிரான்சிஸ்டர்கள். ஆறு வருடம் கழித்து 21264இல் 1.52 கோடி. வரிசை மாற்றி இயக்குவது வந்த பிறகு எந்த முகாமின் சிப்பும் எளிமையாக இல்லை. அந்த இடத்தில் இளங்கோ சொல்லும் பணம் பேச ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இல்லை.

தேன்மொழி:

பிராசசரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இயந்திரங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களில் யாரும் உள்ளே இருந்த ஆர்4400 மிப்ஸ் சிப்புக்காக எஸ்ஜிஐ கேட்கவில்லை. திரையில் மாடல் கையோடு திரும்ப வேண்டும், அதற்காகத்தான் கேட்டோம். எட்டுத் திருகுகள் கொண்ட ஒரு டயல் பெட்டி மேசையில் இருக்கும். ஒன்றைத் திருகினால் மாடல் சுழலும், இன்னொன்றைத் திருகினால் கிட்டே வரும். விரலுக்கும் படத்துக்கும் நடுவில் தாமதமே தெரியாது. அதே மாடலை அன்றைய பிசியில் திறந்தால் கம்பிக்கூடாகக்கூட ஒழுங்காக நகராது.

அந்த வித்தை இருந்தது ஜிம் கிளார்க் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஜியோமெட்ரி இன்ஜினிலும் அதன் வாரிசுகளிலும். புள்ளிகளைச் சுழற்றி, வெட்டி, திரைக்கு ஏற்ப மாற்றும் கணக்கு முழுவதையும் தனிச் சிப்கள் செய்தன. 1992இல் எஸ்ஜிஐ, 3டி படம் வரைய மென்பொருள்கள் அழைக்கும் ஓபன்ஜிஎல்லைப் பொதுவாக்கியது. நல்ல காரியம், ஆனால் அதன் பிறகு மென்பொருள் எஸ்ஜிஐ இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்டதாக இல்லை. மைக்ரோசாஃப்ட் 1994இல் 3டி அனிமேஷன் மென்பொருளான சாஃப்ட்இமேஜை வாங்கி, 1996இல் தன் விண்டோஸ் என்டியில் ஓட வைத்தது. எஸ்ஜிஐயிலிருந்து வெளியேறியவர்கள் 3டிஎஃப்எக்ஸ் என்ற பிசி கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது, ஜியோமெட்ரி இன்ஜின் செய்த அந்தக் கணக்கு, விளையாட்டுக்காக வாங்கும் ஒரு கார்டுக்குள் வந்துவிட்டது.

எஸ்ஜிஐ சும்மா இருக்கவில்லை. அதே 1999 ஜனவரியில் பென்டியம் வைத்த விஷுவல் ஒர்க்ஸ்டேஷன் 320ஐக் கொண்டுவந்தார்கள். கோபால்ட் என்ற சொந்தச் சிப்செட், கிராஃபிக்ஸுக்கும் பிராசசருக்கும் ஒரே நினைவகம், அழகான வடிவமைப்பு. ஆனால் பிசியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் கிடையாது. என்டி 4, விண்டோஸ் 2000 தவிர வேறு விண்டோஸ் ஏறாது. நினைவகத் தகடுகூட அவர்களுடையதுதான் போட வேண்டும். பிசி சிப்பை வாங்கிக்கொண்டு, பிசியின் வசதி ஒன்றையும் வாங்காமல் விட்டார்கள். கார்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் உலகத்தில் அந்தப் பெட்டிக்கு ஆயுள் ஏது?

கார்முகில்:

தேன்மொழி, எஸ்ஜிஐ விஷயத்தில் நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கே தோற்றது சிப் இல்லை, நிர்வாகத்தின் தீர்மானம்.

இளங்கோவுக்கு: எண்ணிக்கைதான் எல்லாம் என்றால், எண்ணிக்கையைத் தேடிப் போகவும் வழி இருந்தது. விண்டோஸ் என்டி 1993இல் வந்தபோதே மிப்ஸிலும் ஆல்ஃபாவிலும் ஓடியது. பிசி மென்பொருளை ஆல்ஃபாவில் ஓட்டிய டெக்கின் எஃப்எக்ஸ்!32 எத்தனை அருமையான வேலை! எக்ஸ்86 நிரலை முதல் முறை அப்படியே பாவனை செய்து ஓட்டும். எந்தப் பகுதிகள் ஓடின என்று குறித்துக்கொள்ளும். பயனர் வேறு வேலை பார்க்கும்போது பின்னணியில் அவற்றை ஆல்ஃபா நிரலாகவே மொழிபெயர்த்து வைக்கும். அடுத்த முறை திறந்தால் வேகம் கூடியிருக்கும். தவறவிட்டதும் உண்டு, மறைக்கவில்லை. முதல் ஆல்ஃபாக்களில் ஒற்றை பைட்டைப் படிக்கவோ எழுதவோ தனி ஆணையே கிடையாது. ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் முழுச் சொல்லையும் எடுத்து, அந்த பைட்டை மறைத்து, ஒட்டி, திரும்ப வைக்க வேண்டும். அதையும் 1996இல் 21164ஏயில் சரி செய்தார்கள். செய்து முடித்த பிறகு காம்பேக் 1999இல் ஆல்ஃபாவில் என்டியை நிறுத்தியது. இதைக் கைவிட்டது என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

அதோடு, ஆல்ஃபா 21264இன் பஸ்ஸைத்தான் எக்ஸ்86 சிப் செய்யும் ஏஎம்டி தன் ஆத்லனுக்கு எடுத்துக்கொண்டது. ஆல்ஃபா வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்த டிர்க் மேயர்தான் ஆத்லன் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மதிப்பில்லாத சரக்கை யாரும் இப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இளங்கோ_64:

சரி, ஒரே ஒரு கேள்வி. சன்?

சன் இட்டானியத்தை நம்பவில்லை. ஸ்பார்க்கை விடவில்லை. சொந்த யூனிக்ஸ், சொந்த சிப், கையில் டாட்-காம் காலத்துப் பணம். யாரும் அதைக் கொலை செய்யவில்லை. ஆனாலும் மேசையிலிருந்து ஸ்பார்க் போயிற்று. 1997இல் அறிவித்த அல்ட்ராஸ்பார்க்-3 கைக்கு வர 2000 ஆயிற்று. வந்ததும் வரிசைப்படி இயக்கும் சிப்பாகத்தான் வந்தது. உங்கள் விளக்கத்தில் சன்னுக்கு இடமே இல்லை.

கார்முகில்:

இடம் இருக்கிறது. சன் தன் பணத்தைச் சர்வரில் கொட்டியது. பல பிராசசர்களை ஒன்றாகக் கட்டிய பெரிய பெட்டிகளுக்காகச் செய்த சிப்பை, மேசைக்கும் அதுவே போதும் என்று வைத்தது. இதுவும் கைவிடுவதுதான், சத்தமில்லாமல்.

பழைய சிலிக்கான்:

கார்முகில், சன் சர்வர் பக்கம் போனதற்குக் காரணம் லாபம் அங்கே இருந்ததுதானே? ஒரு சர்வரில் கிடைக்கும் லாபம் பல ஒர்க்ஸ்டேஷன்களுக்குச் சமம். ஐபிஎம்மையும் பாருங்கள். 1990இல் ஆர்எஸ்/6000ஐ பவர் சிப்போடு கொண்டுவந்தார்கள். பவர் இன்றும் இருக்கிறது. ஆனால் பவர் வைத்த இன்டெலிஸ்டேஷன் ஒர்க்ஸ்டேஷன் விற்பனை 2009இல் நின்றுபோனது. சிப் பிழைத்தது, மேசை இயந்திரம் பிழைக்கவில்லை. ஆகவே சிப்பின் தரம் ஒரு கேள்வி, ஒர்க்ஸ்டேஷன் என்ற வியாபாரம் வேறொரு கேள்வி. நீங்கள் முதலாவதற்கு வாதாடுகிறீர்கள், இளங்கோ இரண்டாவதற்கு.

2003இல் வந்த, ஏஎம்டியின் 64 பிட் எக்ஸ்86 சிப்பான ஆப்டெரான்தான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நினைவகக் கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே. சிப்பும் சிப்பும் நேரடியாகப் பேசும் இணைப்புகள். அதே ஆண்டு வந்த ஆல்ஃபா ஈவி7இலும் இதே இரண்டும் உண்டு. இட்டானியம் வாங்கினால்தான் 64 பிட் என்ற பேச்சு அன்றோடு போயிற்று. அடுத்த ஆண்டே எச்பி தன் இட்டானியம் ஒர்க்ஸ்டேஷன்களை நிறுத்தியது.

கார்முகில்:

அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன். எக்ஸ்86 கடைசியில் ஜெயித்தது, ஆல்ஃபாவிலிருந்து போனவர்கள் ஆல்ஃபாவின் யோசனைகளை அதற்குள் வைத்தபோது. அந்த ஆட்களை டெக்கிலேயே வைத்திருந்தால்?

இளங்கோ_64:

வைத்திருந்தால் சம்பளம் யார் கொடுப்பது? டெக் தன் ஹட்சன் சிப் தொழிற்சாலையையே இன்டெலிடம் விற்றுவிட்டது, காம்பேக் வருவதற்கு முன்னாலேயே. ஆப்டெரான் வந்த மறு ஆண்டு, 2004இல், அதை வைத்து டபிள்யூ2100இசட் என்று ஓர் ஒர்க்ஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. விற்றது சன்.