மடிவலையில் ஏறி வந்த ஓட்டைக் கல்: பழைய நங்கூரமா?

ராயபுரத்துக்காரன்:
காசிமேட்டில் எங்கள் மாமாவுக்கு விசைப்படகு இருக்கிறது. போன வாரம் பழவேற்காடு பக்கம் வலை இழுத்தபோது அதன் மடியில் ஒரு கல் ஏறி வந்தது. இடுப்பு உயரம். உச்சியில் வட்டமாக ஒரு துளை, அடியில் சதுரமாக இரண்டு. மேலெல்லாம் சிப்பி அப்பியிருக்கிறது. உளியால் தட்டி எடுத்துவிட்டு வாசலில் நடப்போகிறாராம். எத்தனை வருஷத்துக் கல்லாக இருக்கும்?

மயிலைவாசி:
சந்தேகமே வேண்டாம், ரோமானியக் கப்பல்தான். 2000 வருஷம்!

முக்குளிப்பான்:
முதலில் மாமா கையிலிருந்து உளியை வாங்கி வையுங்கள். உச்சித் துளையின் விளிம்பில் கயிறு தேய்ந்த வழவழப்பு இருக்கும். நமக்கு வேண்டிய சாட்சியே அதுதான். சிப்பியோடு அதுவும் போய்விடும். வெயிலிலும் போடாதீர்கள், உள்ளே ஊறிய உப்பு பூத்துக் கல் செதில் செதிலாக உரியும். ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றிப் போட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள்.

மயிலைவாசி சார், ரோமானியர்கள் மர நங்கூரத்துக்கு ஈயத்தண்டு பூட்டினார்கள், இரும்பு நங்கூரமும் வைத்திருந்தார்கள். இது வேறு ஜாதி.

சதுரத் துளைகளில் மரக்கொம்பு செருகுவார்கள், அது தரையைக் குத்திப் பிடிக்கும். மரம் மக்கிப் போய்க் கல் மிஞ்சுகிறது. கல் தட்டையாக, மூன்று துளையும் ஒரே முகத்தில் இருந்தால், துவாரகையிலும் சோமநாதபுரத்திலும் கடலடியில் கிடைத்த முக்கோண வகை. தூண் மாதிரி நீண்டு, கீழ்த்துளைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போனால் இந்தோ-அரேபிய வகை. உங்களுடையது எது?

வயதை மட்டும் உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே வடிவத்தை நூற்றாண்டுக் கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். தவிர, 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டும்வரை மெட்ராஸில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நின்றன. ஆளையும் சரக்கையும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் கரை சேர்த்தது. இந்தக் கரையோரம் எந்தக் காலத்து நங்கூரமும் அறுந்து விழுந்திருக்கலாம்.

ராயபுரத்துக்காரன்:
தூண் மாதிரிதான் சார், துளைகள் குறுக்காகத்தான் போகின்றன! தொட்டியில் போட்டாச்சு. மாமா முனகுகிறார்.

முக்குளிப்பான்:
அருமை! ஜிபிஎஸ்ஸில் அந்தப் பாயின்ட் இருக்கிறதா? அழிப்பதற்குள் எழுதி வையுங்கள், ஆழத்தையும் சேர்த்து. ஒற்றைக் கல் என்றால் கயிறு அறுந்த கதை. அதே இடத்தில் நாலைந்து கிடைத்தால் கப்பல்கள் நின்ற இடம். பக்கத்தில் பார் (கடலடிப் பாறை) இருக்கிறதா என்று மாமாவையே கேளுங்கள், அவருக்குத் தெரியாததா!

அப்புறம், எழும்பூரில் மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவும் அந்தப் பாயின்ட்டும் போதும்.