லினக்ஸ் சர்வரில் புது நெட்வொர்க் கார்டு தெரியவில்லை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கடை பில்லிங் ஓடும் உபுண்டு 18.04 சர்வரில், பேக்கப்புக்காக 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று போட்டோம். நெட்வொர்க் போர்ட்களைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்தால் போர்டிலேயே இருக்கும் பழைய போர்ட் மட்டும்தான் வருகிறது.

கார்டு செத்துப்போகவில்லை. போர்டில் செருகிய கார்டுகளைக் காட்டும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே கட்டளையை '-கே' சேர்த்துப் பார்த்தால், எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரியே இல்லை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.15. அதிலுள்ள டிரைவருக்கு இந்த சிப் அறிமுகமாகாதது என்றே நினைக்கிறேன்.

சரி என்று டிரைவரின் மூல நிரலை நாங்களே கம்பைல் செய்தோம். அந்த மாட்யூலை (கர்னலில் சேரும் டிரைவர் கோப்பு) ஏற்ற 'மோட்புரோப்' கட்டளை கொடுத்ததும் 'ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்' (தேவையான சாவி இல்லை) என்கிறது. செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாததை ஏற்றவிடாத பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கிறது, அதை அணைக்க முதலாளி சம்மதிக்க மாட்டார்.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, சொந்தச் சாவியால் மாட்யூலுக்குக் கையெழுத்திட்டு 'மோக்'கில் (செக்யூர் பூட் நம்பும் நம் சொந்தச் சாவிகளின் பட்டியல்) பதிவது. அப்படிச் செய்தால், கர்னல் அப்டேட் வரும்போது டிகேஎம்எஸ் (புது கர்னலுக்கு மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யும் கருவி) தானாகவே மறுபடி கையெழுத்திடுமா? இன்னொன்று, 18.04-க்கே எச்டபிள்யூஇ (புது வன்பொருளுக்காக உபுண்டு தரும் புதிய கர்னல் தொகுப்பு) வழியாகக் கிடைக்கும் 5.4 கர்னலுக்குப் போவது. பழைய பில்லிங் மென்பொருள் இருக்கும் சர்வரில் கர்னலை மட்டும் இப்படி மாற்றியவர்கள் யாராவது உண்டா? ஓஎஸ்ஸையே மாற்றச் சொல்லாதீர்கள், அந்த மென்பொருளை எழுதியவர் இப்போது தொடர்பிலேயே இல்லை.

'டிமெசேஜ்' (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீடு வேண்டுமென்றால் போடுகிறேன்.